எழுதிக் கொடுப்பவரும் எழுத வைப்பவரும்

(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





காசோலை கொடுக்கும் வேலை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன் ஒரு விஷயத்தை உங்களிடம் பேச வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் தருகிறோம். புத்தகத்துக்கும் விடுதிக்கும் தருகிறோம். ஆனால் படித்ததைத் தன் சொந்த வார்த்தையில் எழுதிக் காட்டுகிற திறமைக்கு யார், எதைத் தருவது? அதைக் காசோலையில் எழுதிக் கொடுக்க முடியுமா?

பிரிட்டனில் ஒரு தர்ம நிதியம் இந்தக் கேள்விக்கு நல்ல விடை ஒன்றைக் கண்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். மேற்படிப்புக்காக அந்த நாட்டுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இது நேரடியாகப் பயன்படும். இங்கேயே படிக்கும் பிள்ளைகளும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அந்த நிதியத்தின் பெயர் ராயல் லிட்டரரி ஃபண்ட். வறுமையில் வாடும் எழுத்தாளர்களுக்கு உதவுவதற்காக 1790-இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் வேல்ஸ் நாட்டுக்காரரான டேவிட் வில்லியம்ஸ். அதற்குக் காரணமாக ஒரு துயரச் சம்பவத்தைச் சொல்வார்கள். ஃப்ளோயர் சிடன்ஹாம் என்றொரு அறிஞர் இருந்தார். கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். வாழ்நாளெல்லாம் படிப்பும் எழுத்துமாகவே இருந்த அந்த மனிதர், சாப்பாட்டுக் கடனை அடைக்க முடியாமல் சிறைப்பட்டு, 1787-இல் இறந்துபோனார். இப்படி ஒரு அறிஞர் இனி சாகக் கூடாது என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் அந்த நிதியம். கோல்ரிட்ஜ், ஜோசப் கான்ராட், ஜேம்ஸ் ஜாய்ஸ், டி. எச். லாரன்ஸ் என்று இன்று ஆங்கில இலக்கியப் பாடத்தில் நம் பிள்ளைகள் படிக்கிற பெயர்களில் பல, ஒரு காலத்தில் அந்த நிதியத்தின் உதவியைப் பெற்ற பெயர்கள்.

நிதியத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதில் பெரும்பகுதி எழுத்தாளர்கள் விட்டுச் சென்றது. 'வின்னி த பூ' என்ற மஞ்சள் நிறக் கரடிக்குட்டியை உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிப் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரடியின் கதைப் புத்தகத்தை 1926-இல் எழுதி வெளியிட்டவர் ஏ. ஏ. மில்ன். 1956-இல் இறந்த அவர், அந்தப் புத்தகங்களின் வருமானத்தில் ஒரு பங்கை இந்த நிதியத்துக்கு எழுதி வைத்திருந்தார். பின்னர் 2001-இல் டிஸ்னி நிறுவனம் அந்த உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிக்கொண்டது. ரூபர்ட் புரூக், சாமர்செட் மாம் போன்ற எழுத்தாளர்களும் இப்படித் தங்கள் நூல்களின் வருமானத்தை விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

வக்ஃப் என்றால் என்ன என்று நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். யாரோ ஒரு பெரியவர் தென்னந்தோப்பை எழுதி வைத்தார். அவர் மவுத்தாகி நூறு வருஷம் ஆகியும் அந்தத் தேங்காய்க் காசில் பள்ளிவாசல் விளக்கு எரிகிறது. அங்கே ஒருவர் எழுதிய கதை தோப்பாகிவிட்டது. அந்தத் தோப்பின் காய்ப்பில் இன்று பல்கலைக்கழக மாணவர்கள் எழுதக் கற்கிறார்கள். எப்படி என்பதை இனிச் சொல்கிறோம்.

1999-இல் இந்த நிதியம் ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் ஹிலரி ஸ்பர்லிங் அதன் பின்னணியில் இருந்தவர். திட்டம் மிக எளிமையானது. புத்தகங்கள் வெளியிட்ட ஒரு தொழில்முறை எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பல்கலைக்கழகத்தில் அமர்த்துகிறார்கள். நாவலாசிரியர், கவிஞர், நாடக ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், வரலாறு எழுதுபவர், அறிவியல் எழுதுபவர் என்று யாராகவும் இருக்கலாம். பாடம் நடக்கும் பருவத்தில் வாரத்துக்கு ஓரிரு நாள் அவர் அங்கே ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார். எந்தத் துறை மாணவரும் நேரம் பதிவு செய்துகொண்டு, தான் எழுதிய கட்டுரையோடு போய் அவரைப் பார்க்கலாம். நர்சிங் படிப்பவர் போகலாம், பொறியியல் படிப்பவர் போகலாம், முனைவர் பட்ட ஆய்வு செய்பவரும் போகலாம். கட்டணம் கிடையாது.

இதில் மூன்று நுட்பங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, எழுத்தாளருக்குச் சம்பளம் தருவது பல்கலைக்கழகம் அல்ல, நிதியம். அவர் மதிப்பெண் போடுவதில்லை. யார் வந்தார், என்ன குறையோடு வந்தார் என்று பேராசிரியரிடம் சொல்வதும் இல்லை. அறைக்குள் பேசியது அறைக்குள்ளேயே இருக்கும். ஆகவே மாணவர் வெட்கப்படாமல் தன் குறையைத் திறந்து காட்ட முடிகிறது. வைத்தியரிடம் நோயை மறைத்தால் மருந்து எப்படிக் கிடைக்கும்?

இரண்டாவது, இது எழுத்தாளருக்கும் உதவி. புத்தகம் எழுதி மட்டும் பிழைப்பது எந்த நாட்டிலும் கஷ்டம். அவரிடம் நிவாரணத் தொகையை நீட்டுவதற்குப் பதிலாக, அவர் கைவசம் உள்ள தொழிலுக்குக் கண்ணியமான கூலி தருகிறார்கள். வாரத்தின் மீதி நாட்களில் அவர் தன் புத்தகத்தை எழுதலாம். வாங்குகிற கையைத் தாழ வைக்காமல் கொடுப்பது எப்படி என்பதை எங்களைப் போன்ற அறக்கட்டளைக்காரர்கள் இதில் படித்துக்கொள்ளலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். அந்த எழுத்தாளர் மாணவருக்காக ஒரு வரியும் எழுதிக் கொடுப்பதில்லை. எழுத்துப் பிழை பார்த்துத் திருத்தித் தரும் வேலையையும் அவர் செய்வதில்லை. அப்படியானால் ஒரு மணி நேரம் என்னதான் செய்கிறார்?

பெரும்பாலும் கேள்வி கேட்கிறார். முதல் கேள்வி, உன்னிடம் கேட்கப்பட்ட கேள்வி என்ன என்பது. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் கட்டுரை கெட்டுப்போகும் இடம் பெரும்பாலும் இதுதான். விளக்குக என்பது வேறு, ஒப்பிடுக என்பது வேறு, ஆராய்ந்து மதிப்பிடுக என்பது வேறு. மதிப்பிடச் சொன்ன இடத்தில் மாணவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டி வைத்திருப்பார். நிறைய எழுதியிருப்பார், கேட்டதற்கு விடை இருக்காது.

அடுத்த கேள்வி, இந்தக் கட்டுரையில் நீ சொல்ல வருவது என்ன, தாளைப் பார்க்காமல் சொல் என்பது. மாணவர் வாயால் சொல்லும்போது தெளிவாக இரண்டு வரியில் சொல்லிவிடுவார். சொன்னது தாளில் எங்கே இருக்கிறது என்று தேடினால் ஐந்தாம் பக்கத்தில் ஒரு மூலையில் ஒளிந்திருக்கும். அதை முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னால் போதும், பாதி வேலை முடிந்தது.

இன்னொரு வழி, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்று நாலைந்து வார்த்தையில் குறிக்கச் சொல்வது. குறிக்க முடியவில்லை என்றால் அந்தப் பத்திக்குள் இரண்டு மூன்று விஷயங்கள் சிக்கிக் கிடக்கின்றன என்று அர்த்தம். ஒரே குறிப்பு இரண்டு பத்தியில் வந்தால் சொன்னதையே சொல்லியிருக்கிறோம் என்று அர்த்தம். ஓரக் குறிப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் கட்டுரையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் மேலாக இன்னொன்று: சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்வது. கண் தாண்டிப் போகும் பிழையை நாக்கு தாண்டாது. வாசகம் நீண்டு மூச்சு முட்டும் இடத்தில் படிப்பவரே நின்றுவிடுவார். அந்த இடத்தில்தான் வாசகத்தை உடைக்க வேண்டும் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இது புதிதல்ல. உஸ்தாத் முன் உட்கார்ந்து சபக் ஓதிக் காட்டியதை நினைத்துப் பாருங்கள். பிழை வந்தால் உஸ்தாத் நமக்குப் பதிலாகத் தானே முழுவதும் ஓதி முடித்துவிட்டாரா? இல்லை. பிழை வந்த இடத்தில் நிறுத்தினார். ஒரு 'ம்' சொன்னார், அவ்வளவுதான். நாம் திரும்பிப் போய், யோசித்து, நாமே சரியாக ஓதினோம். ஓதியது நம் நாவில் நின்றது. அந்த 'ம்' என்ற சத்தத்தைத்தான் அந்த எழுத்தாளரும் தன் அறையில் செய்கிறார்.

இப்போது இதன் மறுபக்கத்தைப் பார்ப்போம். மாணவருக்கு எழுத்தில் உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு இன்னொரு கூட்டமும் அந்த நாட்டில் இருந்தது. பணம் கட்டினால் போதும், முழுக் கட்டுரையையும் எழுதி அனுப்பிவிடுவார்கள். அதன் சேதம் பெருகிப்போய், 2022-இல் இங்கிலாந்தில் இதற்கென்றே சட்டம் வந்தது. காசுக்காக மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதும், அதற்கு விளம்பரம் செய்வதும் அங்கே இன்று குற்றம். அந்தச் சட்டம் விற்பவரைப் பிடிக்கிறது. வாங்கிய மாணவரைப் பிடிப்பது பல்கலைக்கழகத்தின் விதி.

இந்த இடத்தில் பெற்றோர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நம் பிள்ளைகள் அங்கே பெரும்பாலும் ஓராண்டு முதுகலைப் படிப்புக்குப் போகிறார்கள். அந்த ஓராண்டுக்காக வீட்டை அடமானம் வைத்தவர்கள் உண்டு, உம்மாவின் நகையை விற்றவர்கள் உண்டு. அங்கே மனப்பாடம் செய்து எழுதுகிற பரீட்சையைவிடக் கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும்தான் அதிக மதிப்பு. நம் பிள்ளைக்கு இங்கே பழகிய வழி ஒன்று இருக்கிறது: புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினால் முழு மதிப்பெண். அதையே அங்கே செய்தால், மூலத்தைக் குறிப்பிடாமல் எடுத்தாண்டதாகக் குற்றச்சாட்டு வரும். திருட வேண்டும் என்ற எண்ணம் பிள்ளைக்குத் துளியும் இருந்திருக்காது. ஆனால் விசாரணையில் எண்ணத்தைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கிறார்கள். விஷயம் முற்றிப் படிப்பிலிருந்து நீக்கப்பட்டால், பல்கலைக்கழகம் அதைக் குடியேற்றத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். விசாவும் அத்தோடு போய்விடும். அடமானம் வைத்த வீடு மட்டும் இங்கே மிஞ்சும்.

ஆகவே அங்கே போகும் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள் சொல்கிறோம்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு எழுத்தாளர் இருக்கிறாரா என்று நூலகத்தில் விசாரியுங்கள். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இந்தத் திட்டம் இல்லை. இல்லாத இடத்திலும் எழுத்துப் பயிற்சிக்கென்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். கட்டுரை கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவு போய் நிற்காதீர்கள், பதிவு நிரம்பியிருக்கும். இரண்டு வாரம் முன்னதாகப் போங்கள். வெறும் கையோடு போகாதீர்கள். கேள்வித்தாளும், நீங்கள் எழுதிய அரைகுறைப் பிரதியும், பேராசிரியர் சென்ற கட்டுரையில் எழுதிய குறிப்பும் கையில் இருக்கட்டும். என் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். இந்தப் பத்தியில் நான் சொல்ல வந்தது உங்களுக்குப் புரிகிறதா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் முடிந்து வெளியே வந்ததும், அதே நாளில் உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள். நாள் தள்ளினால் பேசியது மறந்துபோகும்.

போவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளே அந்த அறையின் வாசலில் காத்திருக்கிறார்கள். மாணவர்களின் எழுத்துக் குறையைப் பற்றி அந்த நிதியம் 2006-இல் ஓர் அறிக்கையே வெளியிட்டது. தெளிவாக எழுதுவது யாருக்கும் பிறவியில் வருவதல்ல. இருபது புத்தகம் எழுதியவரும் முதல் பிரதியை அடித்துத் திருத்தித்தான் எழுதுகிறார்.

இனி இங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு வருவோம். கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருகிறவர்களை நாம் அறிவோம். எழுத்தறியாத ஏழைக்கு அவர்கள் செய்வது பெரிய உபகாரம். ஆனால் பட்டப்படிப்பு படிக்கிற பிள்ளைக்கும் மனு எழுத ஆள் வேண்டும் என்றால் என்ன சொல்வது? நம் அறக்கட்டளைக்கு வரும் விண்ணப்பங்களில் பல, ஒரே வாசகத்தில் வருகின்றன. தங்களின் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில் என்று தொடங்கி, ஒரு பக்கம் முழுக்க முற்றுப்புள்ளியே இல்லாமல் ஓடும். கணினிக் கடையில் தட்டச்சு செய்து வாங்கியது என்று பார்த்தவுடன் தெரியும். இப்போது செல்போனில் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கிய கடிதங்களும் வருகின்றன. அவற்றில் பிழை இருக்காது. அந்தப் பிள்ளையும் இருக்காது.

எங்களுக்கு வேண்டியது இப்படி ஒரு கடிதம்: "என் அத்தா லாரி ஓட்டுகிறார். மார்ச் மாதம் கால் முறிந்து வீட்டில் இருக்கிறார். எனக்கு இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ஜூன் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். பாதியை மாமா தருகிறார். மீதியை நீங்கள் தர முடியுமா?" ஐந்தே வரிதான். இதைப் படிக்கும் குழு உறுப்பினருக்கு யாருக்கு, எதற்கு, எப்போது, எவ்வளவு என்று எல்லாம் விளங்கிவிடும். நாளை வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், வங்கிக்கு எழுதும்போதும், ஜமாஅத்தின் நியாயத்தை ஓர் அதிகாரிக்கு எடுத்துச் சொல்லும்போதும் இந்த ஐந்து வரியை எழுதத் தெரிந்தவர்தான் நமக்கு வேண்டும். தன் தேவையைத் தானே எழுதத் தெரியாதவரின் தேவையை, வேறொருவர் தனக்குத் தோன்றியபடி எழுதிவிடுவார்.

இதற்கு நம்மால் முடிந்ததைச் செய்ய நிர்வாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. எழுத்தாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் வசதி நம்மிடம் இல்லை. ஆனால் நம் மஹல்லாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆசிரியையாக இருந்து இன்று வீட்டில் இருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பத்திரிகையில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு மதரஸாவின் மாடி அறையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். மாணவிகளுக்குத் தனி நேரமும் ஓர் ஆசிரியையும் உண்டு. பிள்ளைகள் தாங்கள் எழுதிய எதையும் கொண்டுவரலாம். விண்ணப்பமா, கல்லூரிக் கட்டுரையா, புராஜெக்ட் அறிக்கையா, எதுவானாலும் சரி. தமிழோ ஆங்கிலமோ, எதில் எழுதியிருந்தாலும் சரி.

விதி மூன்றுதான். உட்கார்ந்திருப்பவர் பேனாவைக் கையில் எடுக்கக் கூடாது. எழுதுவது பிள்ளை மட்டுமே. அங்கே பேசியதை வெளியில் பேசக் கூடாது. இன்னார் மகனுக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியவில்லை என்று தெருவில் பேச்சு வந்தால் அடுத்த வாரம் ஒரு பிள்ளையும் வராது. மூன்றாவது, பிள்ளையின் எழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு உதவித்தொகைக்கான கடிதத்தை உங்கள் பிள்ளையே எழுதட்டும். கோணல் மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. பிழை இருக்கிறது என்பதற்காக எந்த விண்ணப்பத்தையும் நாங்கள் ஒதுக்க மாட்டோம். எழுதி முடித்ததும் உங்களிடம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் படித்தவராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. கேட்டுக்கொண்டே இருங்கள். புரியாத இடத்தில், "இது விளங்கலையேம்மா" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை திரும்பிப் போய் மாற்றி எழுதும்.

சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தரக்கூடியவர்கள், நிகழ்ச்சி முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம். பணம் தர வசதியில்லாதவர்களும் தரக்கூடிய தர்மம் இது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். இப்போது பெயர் அழைக்கப்படும் மாணவர்கள் வரிசையாக மேடைக்கு வரலாம்.

வஸ்ஸலாம்.